வாங்கிய பெட்டியும் வராத சாவியும்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையில் பஸ்ஸின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போயிருக்கிறவர்களுக்கு அந்த உப்பளங்களைத் தெரிந்திருக்கும். கோடையில் பாத்தி பாத்தியாகக் கண் கூசும். அதே கேளம்பாக்கத்துக்குச் சற்று வடக்கே சிறுசேரி. அங்கே எழுந்திருக்கும் பெரிய கட்டடங்களில் சில, மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்வதற்காகக் கட்டியவை அல்ல. யந்திரங்கள் உட்கார்ந்து வேலை செய்வதற்காகக் கட்டியவை. ஊராருடைய பாங்குக் கணக்கு, ரயில் டிக்கெட், பையனின் மார்க்குப் பட்டியல், பாட்டியின் எக்ஸ்ரே எல்லாம் இந்த மாதிரிக் கட்டடங்களில்தான் டிஸ்குகளில் சேமிக்கப்படுகின்றன. உப்பளத்தையும் இந்தக் கட்டடங்களையும் ஒன்றாக வைத்து ஒரு கட்டுரை எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் போகாதவன் நான். கதை எழுதிப் பிழைக்கிறவன். எழுத வைத்தது 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல்.

என் அக்காள் மகன் இந்தக் கடற்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்; யந்திரம் செய்த கம்பெனியின் பெயரும் வேண்டாம். பெயரைச் சொன்னால், அந்த ஒருவர் மட்டும்தான் அப்படி என்று மற்றவர்கள் நழுவிவிடுவார்கள். அவனுடைய உத்தியோகத்துக்கு ஸ்டோரேஜ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர். வேலை கிடைத்த புதிதில், “குடோன் கணக்குப்பிள்ளை மாதிரியாடா?” என்று அக்காள் கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது. எனக்கு என்னவோ, அதைவிடச் சரியான மொழிபெயர்ப்புக் கிடைக்காது என்றுதான் தோன்றியது. நெல் மூட்டைக்குப் பதில் ஸ்கேன் படம், அவ்வளவுதான். என்ன, நெல் குடோனின் சாவி கணக்குப்பிள்ளையின் இடுப்பில் இருக்கும். இவன் இடுப்பில் எதுவும் இல்லை என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது.

புயல் மழையில் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. அங்கே இருந்த சேமிப்பு யந்திரம் போய்விட்டது. போனால் போகட்டும் என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அடுத்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அதே ஜாதியில் இன்னொரு யந்திரம் இருந்தது. முதல் யந்திரத்தில் எழுதுவதெல்லாம் இரவோடு இரவாக இதிலும் நகலாகிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு புத்திசாலி, இப்படி ஒரு நாள் வரும் என்று எண்ணிப் பணம் செலவழித்து வாங்கி வைத்தது. மருமகன் மாடிக்கு ஓடினான். நகல்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. பட்டியல் தெரிந்தது, தேதி தெரிந்தது, எத்தனை ஆயிரம் படம் என்று கணக்குக்கூடத் தெரிந்தது. நகலைத் திறந்து டாக்டர்களின் மேஜைக்கு அனுப்பக் கட்டளை கொடுத்தான். யந்திரம் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டது: இந்த வசதிக்கு லைசென்ஸ் இல்லை.

விஷயம் இதுதான். நகல் எடுப்பதற்கு ஒரு லைசென்ஸ். எடுத்த நகலைத் திருப்பிக் கொடுப்பதற்கு வேறொரு லைசென்ஸ். முதலாவதை நிரந்தரமாகப் போட்டிருந்தார்கள். இரண்டாவதை, யந்திரத்தை நிறுத்திய அன்று, “இப்போதைக்கு இருக்கட்டும்” என்று 90 நாள் சோதனை லைசென்ஸாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் ஆஸ்பத்திரி பணம் கட்டியிருந்தது. நிரந்தர லைசென்ஸை யாரும் வாங்கிப் போடவில்லை. 90 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் யாருக்கும் நகலைத் திறக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஆகையால் பூட்டு விழுந்ததும் தெரியவில்லை.

வாங்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கம்பெனியின் இணையதளத்தில் நுழைய வேண்டும். நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் இவனுக்கு முன் வேலை பார்த்தவருடைய மின்னஞ்சலில் இருந்தன. அவர் வேலையை விட்டு இரண்டு வருஷம். விற்ற ஏஜெண்டைக் கூப்பிட்டால், அவர் அந்தக் கம்பெனியின் வியாபாரத்தையே விட்டுவிட்டார். கம்பெனியைக் கூப்பிட்டால், வாங்கியதற்கு ருஜு கேட்டார்கள். ருஜு இருந்த பைல், யந்திரம் இருந்த அதே கீழ்த்தளத்தில், அதே தண்ணீரில், கஞ்சியாகிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை ஆரம்பித்த இந்த உத்தியோகம் சனிக்கிழமை மாலைதான் முடிந்தது.

நான் வியாழக்கிழமை அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். வராந்தாவில் ஒரு மீனவக் கிழவர் உட்கார்ந்திருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். ஆறு மாதத்துக்கு முன் ஈரலில் ஒரு கட்டி இருப்பதாகப் படம் எடுத்திருக்கிறார்கள். இப்போது அறுவை செய்வதா, மருந்தோடு விடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். புதுப் படம் எடுத்தாயிற்று. பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கட்டி வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்று தெரியும். புதுப் படத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஜூன் மாதத்து ஈரலை டிசம்பரில் படம் எடுக்க எந்த யந்திரத்தாலும் முடியாது.

“படம் உள்ள கீதா, இல்லியா தம்பி?” என்று கேட்டார்.

“இருக்கு தாத்தா.”

“அப்போ எடுத்துக் குடேன்.”

“லைசென்ஸ் முடிஞ்சு போச்சு தாத்தா.”

கிழவர் பதறிப்போனார். “எனக்கா? போட்டுக்கு வாங்கி வெச்சுக்கிறனே!”

மருமகன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவருக்கு விளக்கிச் சொல்ல இருவருமாகச் சேர்ந்து கால் மணி நேரம் முயன்றோம். கடைசியில் அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. “பொட்டி உங்குளுது. படம் என்னுது. நடுவுல தொறக்க மாட்டேன்னு சொல்றவன் யாரு?”

அந்த மனிதனைத் தேடித்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

இந்த லைசென்ஸ் எப்படிப் பிறக்கிறது என்று மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லாக் கம்பெனிகளிடமும் முறை ஏறக்குறைய ஒன்றே. யந்திரத்தை வாங்கியதும் ஒரு குறியீடு வரும். கம்பெனியின் தளத்தில் போய், அந்தக் குறியீட்டையும் யந்திரத்தின் சீரியல் நம்பரையும் கொடுக்க வேண்டும். ஐ.பி.எம்.மின் பெரிய சேமிப்பு யந்திரங்களில் சீரியல் நம்பர் மட்டும் போதாது. ‘மெஷின் சிக்னேச்சர்’ என்று யந்திரத்தின் கைநாட்டும் வேண்டும். கொடுத்தால் கம்பெனியின் கணினி ஒரு சாவியைத் தயாரித்துத் தரும். சில கம்பெனிகளில் அது ஒரு சிறு பைல். நெட்ஆப் கம்பெனியில் நெடுங்காலம் 28 எழுத்துக் கொண்ட ஒரு சரம். அதைக் கொண்டுவந்து யந்திரத்தில் ஏற்றினால் பூட்டுத் திறக்கும். அந்தச் சீரியல் நம்பர் கொண்ட யந்திரத்தில் மட்டும்தான் திறக்கும். மூளைப் பலகை எரிந்துபோய் வேறு பலகை மாற்றினால் நம்பர் மாறிவிடும். மறுபடி கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். சிலர் அதற்காகத் தவணை நாள் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அந்த மட்டுக்கு அவர்கள் நல்லவர்கள்.

சாவியை நாமே செய்துகொள்ள முடியுமா? முடியாது. கம்பெனியிடம் ஒரு ரகசிய எண் இருக்கிறது. அதற்கு ஜோடியான பகிரங்க எண்ணை யந்திரத்துக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ரகசிய எண்ணால் முத்திரை குத்திய சாவியா என்று யந்திரம் உள்ளே ஒத்துப் பார்க்கும். அந்தக் காலத்து முத்திரை மோதிரம் மாதிரி. அச்சு எல்லாரிடமும் இருக்கும், மோதிரம் ஒருவர் விரலில்தான் இருக்கும். கணித சாஸ்திரத்தின் அழகான கண்டுபிடிப்பு அது. கள்ளச் சரக்கு யந்திரத்துக்குள் நுழையாமல் காக்கிறதும் அதே வித்தைதான். வித்தைமேல் எனக்கு விரோதம் இல்லை.

நான் ஆட்சேபிப்பது வேறு. சாவி வந்ததும் யந்திரத்துக்குள் புதிதாக எதுவும் வந்து சேருவதில்லை. நகலைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த சாமர்த்தியம் முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பெட்டிக்குள், நம்முடைய மின்சாரத்தில், நம்முடைய ஏ.ஸி. காற்றில், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லும்படி அதற்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் தெருவுக்குத் தெரு உளிச் சத்தம் கேட்கிறது. அங்கே எந்த ஸ்தபதியாவது பிள்ளையாரை விற்றுவிட்டு, தும்பிக்கைக்கு மட்டும் வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டால் அவரை நாம் என்ன சொல்வோம்?

இங்கேதான் எனக்கு உப்பளம் ஞாபகம் வந்தது. இந்தக் கடற்கரையில் உப்பு யாரும் உண்டுபண்ண வேண்டிய வஸ்துவல்ல. கழிமுகத்தில் தண்ணீர் வற்றினால் மண்மேல் தானாகப் பூத்துக் கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் லைசென்ஸ் இல்லாமல் அதைக் காய்ச்சுவது மட்டுமல்ல, தானாகப் பூத்ததைப் பொறுக்குவதும் குற்றம். சென்னை மாகாணத்துக்கென்று 1889-இல் தனியாக ஓர் உப்புச் சட்டமே போட்டார்கள். காலடியில் கிடப்பதை எடுத்துக் கஞ்சியில் போட்டுக்கொள்ள, எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவனின் சீட்டு வேண்டும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அந்தச் சீட்டைக் கிழிக்கத்தான். மறு வருஷம் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் கடலோர ஜனங்கள் தங்கள் வீட்டு உபயோகத்துக்கு உப்பு எடுக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். உப்பு வரி அடியோடு போனது 1947-இல்.

உடனே ஒரு நண்பர் என் சட்டையைப் பிடித்தார். “உப்பு கடவுள் கொடுத்தது. சாஃப்ட்வேர் மனிதன் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. எழுதினவனுக்குக் கூலி வேண்டாமா? நீரே புஸ்தகத்துக்கு ராயல்டி வாங்குகிற ஆசாமி” என்றார்.

நியாயமான கேள்வி. கூலி வேண்டும். முன்பெல்லாம் யந்திரத்தோடு சாஃப்ட்வேரையும் இலவச இணைப்பாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்; 1969 ஜூனில்தான் ஐ.பி.எம். கம்பெனி இரண்டையும் தனித்தனியாக விலை போடுவதாக அறிவித்தது. அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விலை போட்டதனால்தான் சாஃப்ட்வேர் எழுதுவது என்று ஒரு தொழிலே வளர்ந்தது. விலை எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும். ஆனால் என் புஸ்தகத்தை நான் எப்படி விற்கிறேன் என்று நண்பர் யோசிக்க வேண்டும். வாங்கியவர் அதைத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம். வீடு மாற்றிப்போய்க் கட்டிலில் படுத்துப் படிக்கலாம். அட்டை கிழிந்தால் பைண்டரிடம் கொடுத்துப் புது அட்டை போடலாம். அட்டை மாறிவிட்டது, ஆகையால் பன்னிரண்டாம் அத்தியாயம் திறக்காது என்று நான் சொல்வதில்லை. சலித்துவிட்டால் பழைய புஸ்தகக் கடையில் எடைக்குப் போடலாம். (போட்டிருக்கிறார்கள், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியையே பார்த்திருக்கிறேன்.) வருத்தம்தான், ஆனால் அது அவர் உரிமை. பாரதியாரின் பாட்டுக்குக்கூட ஒரு காலத்தில் சொந்தக்காரர் இருந்தார். 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையை வாங்கி, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டது. எழுத்தாளனின் உரிமைக்கு எல்லை உண்டு என்பது எங்களுக்குப் பழகிய சங்கதி.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் தமாஷாக இருக்கிறது. கடையில் விற்கும் சாஃப்ட்வேர் மற்றச் சரக்கைப் போல ஒரு சரக்குத்தான், விற்பனை வரி கட்டியாக வேண்டும் என்று 2004-இல் சுப்ரீம் கோர்ட்டு, டாட்டா கன்ஸல்டன்ஸி வழக்கில், தீர்ப்புச் சொன்னது. அடுத்தது 2021 மார்ச். வெளிநாட்டுக் கம்பெனிக்கு நாம் சாஃப்ட்வேருக்காகக் கொடுக்கும் பணம் ராயல்டியா, சரக்கின் விலையா என்று வருமான வரிக்காரருக்கும் கம்பெனிகளுக்கும் சண்டை. ராயல்டி என்றால் இங்கே வரி பிடிக்க வேண்டும். கம்பெனிகள் பக்கத்து வக்கீல்கள், “ராயல்டியே இல்லை, இது பிரதியை விற்ற விலை” என்று வாதாடினார்கள்; ஜெயித்தார்கள். சந்தோஷம். ஆனால் அதே கம்பெனிகள் நம்மிடம் நீட்டும் ஒப்பந்தத்தில், ‘சம்மதம்’ என்று அமுக்குவதற்கு மேலே பொடி எழுத்தில் இருப்பது என்ன? “இது விற்கப்படவில்லை, உபயோகிக்க அனுமதிக்கப்படுகிறது.” வரிக்காரர் வந்தால் விற்றது, வாங்கினவன் வந்தால் விற்கவில்லை. ஒரே மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, பால் கறக்கும்போது மட்டும் என்னைக் கேட்டுக் கற என்று சொல்கிற வியாபாரம் இது.

ஐரோப்பாவில் இந்த இரட்டை நாக்கை ஒரு தடவை பிடித்து நிறுத்தினார்கள். ஆரக்கிள் கம்பெனியின் லைசென்ஸ்களைப் பழைய விலைக்கு வாங்கி விற்ற யூஸ்டுசாஃப்ட் என்ற ஜெர்மன் கம்பெனியின் வழக்கில், 2012 ஜூலையில் ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம், ஒரே தடவை பணம் வாங்கிக்கொண்டு காலவரையறை இல்லாமல் கொடுத்த லைசென்ஸ் விற்பனையே, வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம் என்று சொல்லிவிட்டது. இதற்குக் கம்பெனிகள் கண்டுபிடித்த பதிலை நாம் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்: காலவரையறை இல்லாத லைசென்ஸையே நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் வருஷ வாடகையாக்கிவிடுவது. 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி வி.எம்.வேர் கம்பெனியை வாங்கியது. டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பதில்லை, சந்தாதான் என்று அறிவித்துவிட்டது. எங்கள் கிழவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அதே டிசம்பர்.

பெரிய இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பையனின் அஜாக்கிரதை என்று இதை ஒதுக்கிவிடுவார்கள். குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் நயாரா எனர்ஜியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது; வருஷத்துக்கு 2 கோடி டன். அந்தக் கம்பெனியில் ரஷ்யாவின் ரோஸ்னெப்ட்டுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு. 2025 ஜூலை 18-ஆம் தேதி ஐரோப்பிய யூனியன் அதன்மேல் தடை விதித்தது. தடை ஐரோப்பாவினுடையது. ஆலை இந்தியாவில். சாஃப்ட்வேர் கொடுத்தது மைக்ரோஸாஃப்ட், அமெரிக்கக் கம்பெனி. சில நாளைக்குள் அந்த ஆலைக்காரர்களுடைய மின்னஞ்சல் முதலிய சேவைகள் நின்றுவிட்டன. முழுப் பணமும் கட்டி வாங்கிய லைசென்ஸ் இருந்தும் எங்கள் சொந்தத் தகவலையே எங்களால் திறக்க முடியவில்லை என்று அவர்கள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். மாத முடிவுக்குள் சேவை திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்ததைப் பற்றி எல்லாரும் நிம்மதிப்பட்டார்கள். எனக்கு நிம்மதி இல்லை. கிழவர் கேட்ட அதே கேள்வி, கோடிக்கணக்கில் பணம் உள்ளவர்கள் வாயிலிருந்து, வக்கீல் வைத்துக் கேட்கப்பட்டது என்பதுதான் எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு ஹைகோர்ட்டு இருந்தது, கிழவருக்கு வராந்தா.

இதே கடற்கரையில் இன்னொரு சங்கதியும் நடந்திருக்கிறது. 1974-இல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை செய்த பிறகு, கல்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த சோதனை வேக ஈனுலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் தர பிரான்ஸ் மறுத்துவிட்டது. உலை அவர்களுடைய மாதிரியில் கட்டப்பட்டது. எரிபொருள் இல்லாமல் உலை எதற்கு? இங்கிருந்தவர்கள் யுரேனியமும் புளுட்டோனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே தயாரித்து, 1985 அக்டோபரில் அதை ஓட்டிக் காட்டினார்கள். அணுசக்தியைப் பற்றி வாசகர்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் சரி, எனக்கே அதில் இரண்டு மனசு. மறுக்கப்பட்ட சாவிக்காக வாசலில் நின்றுகொண்டிருக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். சேமிப்பு யந்திரத்துக்கு அந்த அளவுக்குச் சிரமம்கூட வேண்டாம்.

ஏனென்றால் பூட்டில்லாத சேமிப்பு சாஃப்ட்வேர் உலகத்தில் ஏற்கனவே இருக்கிறது. அதில் பேர் பெற்ற ஒன்றைச் செய்தவர் நம்மவர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. 2004-இல் உலகத்தில் இரண்டாம் இடம் பிடித்த ‘தண்டர்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டியதில் அவருக்குப் பங்குண்டு. பிறகு கிளஸ்டர் என்ற கம்பெனி ஆரம்பித்து, சாதாரண யந்திரங்களின் டிஸ்குகளை ஒன்றாகக் கோத்து ஒரே பெரிய பண்டகசாலையாக்கும் சாஃப்ட்வேரைச் செய்தார். மூலக் குறிப்பு முழுதும் பகிரங்கம். யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், திருத்தலாம். 2011 அக்டோபரில் ரெட்ஹாட் கம்பெனி அந்தக் கம்பெனியை 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. பூட்டுப் போடாமலும் பணம் சம்பாதிக்கலாம் என்று சட்டையைப் பிடித்த நண்பரிடம் நான் சொன்னது இந்தக் கதையைத்தான். இதே ரகத்தில், அமெரிக்காவில் சாண்டா க்ரூஸில் ஸேஜ் வைல் என்ற மாணவர் பட்டத்துக்காக ஆரம்பித்த ‘செஃப்’, ஜெனீவாவில் அணுவுக்குள் குடையும் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தின் தகவல்களையே சுமந்துகொண்டிருக்கிறது. நம் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களைச் சுமக்காதா?

கதையின் மற்றப் பாதியை மறைத்தால் நண்பர் என்னை விடமாட்டார். அதே பெரியசாமி 2014-இல் மினியோ என்று இன்னொரு சேமிப்பு சாஃப்ட்வேர் கம்பெனியை ஆரம்பித்தார். அதுவும் பகிரங்கம், அதுவும் உலகமெல்லாம் பரவியது. 2025-இல் அந்தக் கம்பெனி, இலவசப் பதிப்பின் நிர்வாகத் திரையிலிருந்த வசதிகள் பலவற்றை எடுத்துவிட்டது. தயாராக இறக்கிக்கொள்ளும்படி கொடுத்துவந்த பிரதிகளையும் நிறுத்திவிட்டது. நம்பியிருந்தவர்கள் வைதார்கள். எனக்கும் வருத்தம்தான். கொடுத்துப் பழகிய கை மூடிக்கொண்டால் மனசு கசக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இனிமேல் கொடுக்க மாட்டேன் என்று அவர்களால் சொல்ல முடியும். கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று சொல்ல முடியாது. அன்றுவரை வெளியான மூலக் குறிப்பு ஜனங்களிடம் இருக்கிறது. இஷ்டமுள்ளவர்கள் அதை எடுத்துத் தனியாக வளர்த்துக்கொள்ளலாம். 90-ஆவது நாள் ராத்திரி அது தானாகப் பூட்டிக்கொள்ளாது.

அரசாங்கத்துக்கு இது தெரியாததல்ல. அரசாங்க அலுவலகங்களில் பகிரங்க சாஃப்ட்வேருக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசாங்கம் 2015-இல் ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. சென்னையில் ஸி-டாக் ‘பாஸ்’ என்ற லினக்ஸைச் செய்தது. தமிழ்நாடு அரசாங்கம் 2021-இல் டேட்டா சென்டர்களுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. சிறுசேரியில் கட்டடங்கள் எழுந்தன. கட்டடம் நம் மண்ணில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறோம். நல்லதுதான். வீடு நம் தெருவில் இருந்து சாவி அடுத்த கண்டத்தில் இருந்தால் அது யார் வீடு என்று டெண்டர் எழுதுகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

நான் ஒன்றும் வேதாரண்யத்துக்கு நடக்கச் சொல்லவில்லை. பொதுப் பணத்திலோ நோயாளிகளின் பணத்திலோ யந்திரம் வாங்குகிறவர்கள், பணம் கொடுக்கும் முன், கை நீளமாக இருக்கும்போதே, சில வார்த்தைகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். உள்ளே வைத்ததைப் படிப்பதற்கும் திருப்பி எடுப்பதற்கும் எந்த லைசென்ஸும் எந்த நாளிலும் குறுக்கே நிற்கக் கூடாது. புது வசதி வேண்டுமானால் பூட்டட்டும். புதிதாக எழுதுவதைக்கூட நிறுத்தட்டும். ஒருவன் வைத்த பொருளை அவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்பது அடகுக் கடைக்காரனும் செய்யாத அநியாயம். அவனுக்காவது நாம் கடன் பட்டிருக்கிறோம். பலகை எரிந்தால் அன்றைக்கே வாங்கியவரே புது நம்பருக்குச் சாவியை மாற்றிக்கொள்ள வழி வேண்டும். சாவி எந்தக் குமாஸ்தாவின் மின்னஞ்சலுக்கும் போகக் கூடாது. ஸ்தாபனத்தின் பெயருக்குப் போக வேண்டும். அதன் பிரதி ஒன்றைக் காகிதத்தில் அச்சிட்டு, தண்ணீர் ஏறாத மாடியில் பீரோவில் வைக்க வேண்டும். சோதனை லைசென்ஸோடு யந்திரத்தை ஒப்படைத்தால் அது ஒப்படைத்ததாகாது. கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது. பிந்திய இரண்டும் நம் பக்கத்துத் தப்பு. அதையும் சொல்லத்தான் வேண்டும். நம் ஆட்கள் பில்லைப் பாஸ் பண்ணும்போது யந்திரத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

சனிக்கிழமை மாலை சாவி வந்தது. ஏற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்று மருமகன் சொன்னான். ஜூன் மாதத்துப் படத்தையும் டிசம்பர் மாதத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கட்டி வளர்ந்திருந்தது. ஜனவரியில் அறுவை நடந்தது. கிழவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. குப்பத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கிறார். பார்க்கும்போதெல்லாம், “லைசென்சு வந்துச்சா தம்பி?” என்று கேட்கிறார், வணக்கம் சொல்வதற்குப் பதில்.

ஆஸ்பத்திரிக்கு இந்த வருஷத்து ரென்யூவல் பில் வந்துவிட்டதாம். மேலே எழுதியிருக்கிறவற்றை நான்கு வரியாகச் சுருக்கி, இவற்றை ஒப்பந்தத்தில் சேர்த்தால் பணம் அனுப்புகிறோம் என்று மேனேஜர் கையெழுத்தோடு மருமகன் பதில் எழுதியிருக்கிறான். எழுதி 19 நாள் ஆகிறது.